தக்காளித் தராசுக்கு முத்திரை உண்டு, ரத்தப் பரிசோதனைக்கு?

திண்டுக்கல் மாவட்டம் ஒட்டன்சத்திரத்தின் காய்கறிச் சந்தையில் தக்காளிப் பெட்டியை எடைபோடும் மின்னணுத் தராசைக் குனிந்து பார்த்தால் ஒரு முத்திரை தெரியும். சட்டமுறை எடையளவுச் சட்டம், 2009-இன்படி அந்தத் தராசைத் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர் ஆண்டுக்கு ஒரு முறை சோதித்து மறுமுத்திரை இட வேண்டும். முத்திரை இல்லாத தராசில் எடை போட்டால் வியாபாரிக்கு அபராதம். எடை குறைந்தால் விவசாயி சண்டை போடுவார்; சட்டம் அவர் பக்கம் நிற்கும்.

அதே விவசாயி, அதே ஊரில், பேருந்து நிலையத்தை ஒட்டிய ஒரு மாடியறையில் ரத்தம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார். கிரியாட்டினின் 1.1 என்று வந்தால் வீட்டுக்குப் போவார். 1.6 என்று வந்தால் மதுரைக்குச் சிறுநீரக மருத்துவரைப் பார்க்கக் கிளம்புவார். ஒரு நாள் வருமானம் போகும், பஸ்ஸுக்கும் ஸ்கேனுக்கும் பணம் போகும், வீட்டில் ஒரு வாரத் தூக்கம் போகும். அந்த எண்ணைச் சொன்ன இயந்திரம் அன்று காலை சரியாக இருந்ததா என்று அவர் கேட்பதில்லை. அப்படி ஒரு கேள்வி உண்டு என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் தர அங்கீகாரம் என்கிறார்கள். பரிசோதனை மற்றும் அளவுத்திருத்த ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம், சுருக்கமாக என்ஏபிஎல், குருகிராமிலிருந்து இதை வழங்குகிறது. மருத்துவ ஆய்வகங்களுக்கு அது பின்பற்றும் நெறி ஐஎஸ்ஓ 15189 என்ற பன்னாட்டுத் தரம். 2003-இல் முதலில் வந்தது. நான்காவது பதிப்பு 2022 டிசம்பரில் வெளியானது. ஆய்வக வட்டாரத்துக்கு வெளியே பலர் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டது கரோனா காலத்தில்தான். 2020 மார்ச்சில், தனியார் ஆய்வகம் கரோனா பரிசோதனை செய்ய வேண்டுமானால் என்ஏபிஎல் அங்கீகாரம் இருக்க வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொன்னது.

மற்றபடி இந்த அங்கீகாரம் விருப்பப்பட்டால் வாங்கிக்கொள்வது. தமிழ்நாட்டில் ஓர் ஆய்வகம் நடத்த, 1997-ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்ய வேண்டும். 2018-இல் விதிகள் வந்த பிறகு அது வேகமெடுத்தது. பதிவு அவசியம்தான். ஆனால் அது கடை திறக்க அனுமதி. அன்றாடம் அங்கே அச்சாகும் எண் சரியானது என்பதற்கு அது சாட்சி ஆகாது.

எண் தவறாகும் என்பது புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1947-இல் பெல்க், சண்டர்மேன் என்ற இரு மருத்துவர்கள் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாகாணத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மருத்துவமனை ஆய்வகங்களுக்கு ஒரே மாதிரியை அனுப்பிச் சோதிக்கச் சொன்னார்கள். சர்க்கரை, யூரியா, புரதம் போன்ற சாதாரணப் பரிசோதனைகள்தான். ஏற்கத்தக்க முடிவுகளைவிட ஏற்க முடியாதவையே அதிகமாக வந்தன. அந்த அதிர்ச்சியிலிருந்து பிறந்ததுதான் இன்றைய ஆய்வகத் தரக் கட்டுப்பாடு. 1950-இல் லெவி, ஜென்னிங்ஸ் இருவரும் தொழிற்சாலையில் பயன்பட்ட கட்டுப்பாட்டு வரைபடத்தை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1981-இல் ஜேம்ஸ் வெஸ்ட்கார்ட் அதற்கு விதிகள் வகுத்தார். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனையில் தவறான முடிவுகளால் பெண்கள் உயிரிழந்த செய்திகள் வெளிவந்த பிறகு, அமெரிக்கா 1988-இல் சட்டமே இயற்றியது. இந்தியா முழுவதற்கும் பொருந்தும்படி அப்படி ஒரு கட்டாயம் இன்னும் வரவில்லை.

அந்த வரைபடத்தை ஓர் ஆய்வகத்தில் பக்கத்தில் நின்று பார்ப்பது நல்லது. காலை ஆறரை மணி. வாசலில் வெறும் வயிற்றோடு நான்கைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். முதல் நோயாளியின் ரத்தம் இயந்திரத்துக்குள் போகும் முன்பாகக் 'கன்ட்ரோல் ஓட்ட' வேண்டும். குளிர்பெட்டியிலிருந்து ஒரு சிறிய குப்பியை எடுக்கிறார் டெக்னீஷியன். உள்ளே உறைய வைத்து உலர்த்திய சீரம், பொடியாக இருக்கும். அதில் 5 மில்லி காய்ச்சி வடித்த நீரைப் பிப்பெட்டால் அளந்து விடுகிறார். குலுக்கக் கூடாது, நுரைத்துவிடும்; உள்ளங்கையில் வைத்து மெல்லச் சுழற்ற வேண்டும். பிறகு அரை மணி நேரம் அப்படியே விட வேண்டும். அதில் சர்க்கரை எவ்வளவு, யூரியா எவ்வளவு என்று ஏற்கனவே தெரியும். இயந்திரமும் அதையே சொல்கிறதா என்று பார்த்து, வரைபடத்தில் ஒரு புள்ளி வைக்கிறார். நடுவில் சராசரிக் கோடு. மேலே மூன்று, கீழே மூன்று எல்லைக் கோடுகள்.

புள்ளிகள் கோட்டுக்கு இரு பக்கமும் சிதறி விழுந்தால் இயந்திரம் நலம். ஒரு புள்ளி மூன்றாம் எல்லையைத் தாண்டினால் அன்றைய வேலை நிற்க வேண்டும். இரண்டு நாள் தொடர்ந்து ஒரே பக்கம் இரண்டாம் எல்லைக்கு வெளியே போனாலும் நிற்க வேண்டும். பத்து நாள் ஒரே பக்கமாகவே விழுந்தால், எல்லைக்குள் இருந்தாலும், ஏதோ மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். விளக்கின் ஒளி மங்கியிருக்கலாம், ரசாயனம் பழசாகியிருக்கலாம், தண்ணீர் கெட்டிருக்கலாம். இதை வாசிக்கத் தெரிந்த டெக்னீஷியன் இருக்கும் ஆய்வகத்தில் பழுது நோயாளியிடம் போய்ச் சேரும் முன்பே பிடிபடும். வாசிக்கத் தெரியாத இடத்தில், எல்லைக்குள் வரும்வரை கன்ட்ரோலைத் திரும்பத் திரும்ப ஓட்டி, வந்ததும் 'ஓகே' என்று எழுதிவிடுவார்கள். சரியான இயந்திரத்திலும் சுமார் இருபதில் ஒரு முறை புள்ளி இரண்டாம் எல்லைக்கு வெளியே விழும் என்பது கணக்கு. கெட்டுப்போன இயந்திரமும் அதுபோல எப்போதாவது தற்செயலாக உள்ளே விழும். திரும்பத் திரும்ப ஓட்டுகிறவர் அந்தத் தற்செயலுக்காகக் காத்திருக்கிறார்.

அங்கீகாரத்துக்குத் தயாராவது என்றால் இந்தப் புள்ளியிலிருந்துதான் தொடங்க வேண்டும். நடைமுறையில் பலர் கோப்புகளிலிருந்து தொடங்குகிறார்கள். ஆலோசகர் ஒருவரை அமர்த்தி, தரக் கையேடு, செயல்முறைக் கையேடு, படிவங்கள் என்று ஒரு அலமாரி நிறைய வாங்கி அடுக்குவது. ஆய்வுக்குழு வருவதற்கு ஒரு மாதம் முன்பு விடுபட்ட பதிவேடுகளை உட்கார்ந்து நிரப்புவது. குளிர்பெட்டி வெப்பநிலைப் பதிவேட்டில் மூன்று மாதமும் காலையும் மாலையும் 4 டிகிரி, ஒரே மை, ஒரே கையெழுத்து என்றிருந்தால் அனுபவப்பட்ட மதிப்பீட்டாளர் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். வடமதுரையிலோ வேடசந்தூரிலோ சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம் மின்சாரம் போனாலே குளிர்பெட்டி 2-இலிருந்து 8 டிகிரிக்குள் நிற்கத் திணறும். அந்தத் திணறலும், அப்போது ரசாயனங்களை எங்கே மாற்றினார்கள் என்பதும் பதிவேட்டில் இருந்தால்தான் அது பதிவேடு.

கோப்பு வேண்டாம் என்பதல்ல வாதம். எழுதி வைத்தால்தான் இன்றிருக்கும் பெண் கல்யாணமாகிப் போன பிறகு நாளை வரும் பெண் அதே முறையில் வேலை செய்வார். ஆனால் எழுத்துதான் வேலையைப் பின்தொடர வேண்டும். ஐஎஸ்ஓ 15189-இன் 2022 பதிப்பும் இந்தத் திசையில்தான் நகர்ந்திருக்கிறது. நோயாளிக்கு எங்கே தீங்கு நேரலாம் என்று ஆய்வகமே யோசித்து, அந்த இடங்களில் காவல் போடச் சொல்கிறது அது.

எங்கே தீங்கு நேரும்? பெரும்பாலும் இயந்திரத்துக்கு வெளியே. இத்தாலியின் பாதுவா நகரில் பிளெபானி, கராரோ ஆகியோர் ஒரே மருத்துவமனை ஆய்வகத்தின் தவறுகளைப் பத்தாண்டு இடைவெளியில் இரண்டு முறை கணக்கெடுத்தார்கள். இரண்டு முறையும் 60 விழுக்காட்டுக்கு மேற்பட்ட தவறுகள் ரத்தம் இயந்திரத்தை அடைவதற்கு முன்பே நடந்திருந்தன. ஆளை மாற்றி எடுத்தது, குழாயை மாற்றி எடுத்தது, எடுத்ததைச் சரியாக வைக்காதது போன்றவை.

திண்டுக்கல்லில் இது இன்னும் கூர்மையான பிரச்சினை. நத்தம், சாணார்பட்டி, குஜிலியம்பாறை போன்ற பகுதிகளின் கிராமங்களிலிருந்தும், வேடசந்தூர் பக்கத்து நூற்பாலைகளின் மருத்துவ முகாம்களிலிருந்தும் ரத்தம் இருசக்கர வாகனத்தில் பயணப்பட்டு நகரத்துக்கு வருகிறது. குழாயில் எடுத்த ரத்தத்தில் செல்கள் இன்னும் உயிரோடுதான் இருக்கும். அவை சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். பிரித்தெடுக்காமல் அறை வெப்பத்தில் வைத்தால் மணிக்குச் சுமார் 5 முதல் 7 விழுக்காடு சர்க்கரை குறையும். மூன்று மணி நேரம் வெயிலில் அலைந்து வந்த குழாய், சர்க்கரை நோயாளியை நலமானவராகக் காட்டிவிடும். அதைத் தடுக்கத்தான் ஃபுளோரைடு கலந்த சாம்பல் மூடிக் குழாய். அதுவும் உடனே முழு வேலை செய்யாது; குளிர்ப்பையும் வேண்டும், சீக்கிரம் வந்துசேரவும் வேண்டும்.

இன்னொரு தவறு உயிரையே குறிவைப்பது. சிவப்பு மூடிக் குழாயில் ரத்தம் போதவில்லை என்று ஊதா மூடிக் குழாயிலிருந்து கொஞ்சம் ஊற்றி நிரப்புவது. ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்கப் பொட்டாசியம் உப்பு பூசியிருக்கும். அதிலிருந்து சில துளி கலந்தாலே பொட்டாசியம் எகிறும், கால்சியம் தாழும். இதயத்தை நிறுத்தும் அளவுக்கு எண் வரும். மருத்துவர் அவசர சிகிச்சையைத் தொடங்குவார், இல்லாத நோய்க்கு. ரத்தம் எடுக்கும் பையனுக்கு இதை ஒரு முறை சொன்னால் போதாது. ஏன் என்று விளக்கி, அவர் எடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்து, ஆறு மாதம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். தகுதி மதிப்பீடு என்று கையேட்டில் இருக்கும் சொல்லின் பொருள் இதுதான்.

பெயரும் அப்படியே. ஒரே காலையில் மூன்று பழனியம்மாள்களும் இரண்டு ஆரோக்கியசாமிகளும் வரக்கூடிய மாவட்டம் இது. பெயரோடு வயதையோ அப்பா பெயரையோ நோயாளியையே சொல்ல வைத்து, அவர் எதிரிலேயே குழாயில் எழுதி ஒட்ட வேண்டும். 'பழனியம்மாள்தானே?' என்று கேட்டால் காது மந்தமான பாட்டி எதற்கும் தலையாட்டிவிடுவார்.

மழைக்காலம் வந்தால் டெங்கு. 2012, 2017 ஆகிய ஆண்டுகளில் தமிழகம் பட்ட பாடு மறக்கக் கூடியதல்ல. அந்த மாதங்களில் பொதுமக்களின் வாயில் புழங்கும் ஒரே ஆய்வகச் சொல் 'பிளேட்லெட்', அதாவது ரத்தத் தட்டணு. காலையில் ஓரிடத்தில் 62 ஆயிரம், மாலையில் வேறிடத்தில் 38 ஆயிரம் என்று வந்தால், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மதுரைக்கு வண்டி பிடிக்கிறார்கள். உண்மையாகவே இறங்கியிருக்கலாம். ஆனால் சிலருடைய ரத்தத்தில் ஊதா மூடிக் குழாயின் உப்பு பட்டதும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். இயந்திரம் கட்டியை எண்ணாது, எண் பொய்யாக இறங்கும். ரத்தம் எடுப்பது தாமதப்பட்டாலும் இதே கதைதான். எண் குறைந்தால் கண்ணாடிச் சில்லில் ரத்தத்தைத் தேய்த்து, சாயமேற்றி, நுண்ணோக்கியில் கண்ணால் பார்க்க வேண்டும். பத்து நிமிட வேலை. இதை விதியாக எழுதி, இரவுப் பணியிலும் கடைப்பிடிக்கும் ஆய்வகம் எத்தனை குடும்பங்களின் இரவைக் காப்பாற்றும்! அங்கீகாரத்தின் பயனை ஒரு தாய்க்குப் புரியும்படி சொல்ல இதைவிட வேறு உதாரணம் தேவையில்லை.

உள்ளே எல்லாம் சரியாக நடந்தாலும், நம் கடிகாரத்தை நம் கடிகாரத்தோடேயே ஒப்பிட்டுக்கொண்டிருக்க முடியாது. வெளியிலிருந்து ஒரு கண் வேண்டும். அதற்கு நாடு முழுவதுக்கும் பெயர்பெற்ற ஓர் ஏற்பாடு தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. வேலூர் சிஎம்சி மருத்துவமனையின் மருத்துவ உயிர்வேதியியல் துறை பல ஆண்டுகளாகப் புறத்தர மதிப்பீட்டுத் திட்டத்தை நடத்துகிறது. அங்கிருந்து வரும் குப்பிகளில் என்ன அளவு இருக்கிறது என்று ஆய்வகத்துக்குத் தெரியாது. மாதம் ஒன்றாகச் சோதித்து முடிவை அனுப்பினால், அதே முறையில் சோதித்த மற்ற ஆய்வகங்களோடு ஒப்பிட்டு, நீங்கள் எவ்வளவு தள்ளி நிற்கிறீர்கள் என்று பதில் வரும். அங்கீகாரம் வாங்கும் எண்ணமே இல்லாத ஆய்வகமும் இதில் சேரலாம். அங்கீகாரத்தைப் பற்றி யோசிக்கும் எந்தச் சிறிய ஆய்வகமும் முதலில் எடுக்க வேண்டிய அடி இதுதான் என்பது இந்தக் கட்டுரையாளரின் உறுதியான கருத்து. கட்டடத்துக்கு டைல்ஸ் ஒட்டுவது பிறகு ஆகட்டும்.

சிறிய ஆய்வகங்களின் தயக்கம் நியாயமானது. கட்டணம், பிப்பெட்டுக்கும் வெப்பமானிக்கும் அளவுத்திருத்தச் சான்று, தினமும் இரண்டு நிலை கன்ட்ரோல் என்று செலவு தொடர்ந்து வரும். நாளுக்கு முப்பது நோயாளி வரும் இடத்தில் கன்ட்ரோல் செலவே கட்டுப்படியாகாது. கையெழுத்திட நோய்க்குறியியல் நிபுணர் வேண்டும். ஆய்வக அறிக்கையில் முதுநிலை நோய்க்குறியியல் படித்த பதிவுபெற்ற மருத்துவர் கையெழுத்திட வேண்டும் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சிறு ஊர்களில் அந்த நிபுணர் கிடைப்பது அரிது.

இதை உணர்ந்துதான் என்ஏபிஎல் 2019 பிப்ரவரியில் தொடக்க நிலைத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. ரத்தச் சர்க்கரை, ரத்த அணு எண்ணிக்கை, கல்லீரல், சிறுநீரகச் செயல்பாடு, சிறுநீர், விரைவுச் சோதனைகள் என்று அடிப்படைப் பரிசோதனை மட்டும் செய்யும் சிறு ஆய்வகங்களுக்கு எளிய விண்ணப்பம், குறைந்த கட்டணம். படிப்படியாக மேலே ஏறட்டும் என்ற எண்ணம். ஆப்பிரிக்காவில் உலக சுகாதார நிறுவனம் 2009-இல் ருவாண்டாவின் கிகாலியில் தொடங்கிய முறையும் இதே போன்றதுதான். ஆய்வகத்துக்கு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் கொடுத்து, ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். அங்கே நட்சத்திரத்தோடு பயிற்சியும் கூடவே போனது என்பதுதான் முக்கியம். சான்றிதழின் படியைக் குறைத்தால் மட்டும் போதாது, ஏறுகிறவரின் கையையும் பிடிக்க வேண்டும்.

கையைப் பிடிக்கத் திண்டுக்கல்லில் ஆள் இல்லாமல் இல்லை. 2022 ஜனவரியில் தமிழகத்தில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் திண்டுக்கல்லும் ஒன்று. ஒரு மருத்துவக் கல்லூரி என்றாலே நோய்க்குறியியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் துறைகள் உண்டு. அவற்றில் முதுநிலை படித்த ஆசிரியர்கள் உண்டு. மாவட்டத்துக்கு ஓர் ஒருங்கிணைந்த பொதுச் சுகாதார ஆய்வகம் என்பது 2021-இல் ஒன்றிய அரசு தொடங்கிய உள்கட்டமைப்புத் திட்டத்தின் இலக்கு. அத்தகைய ஆய்வகங்களுக்கென்றே தேசியத் தர உறுதி நெறிகள் 2024 ஜூனில் வந்துவிட்டன. சின்னாளபட்டிக்கு அருகில் அம்பாத்துரையில் 1964 முதல் இயங்கும் காந்திகிராம ஊரக நல நிறுவனம், கிராமத்துக்குப் போகும் சுகாதாரப் பணியாளரை எப்படிப் பழக்க வேண்டும் என்று ஆத்தூர் வட்டாரத்தில் செய்துகாட்டிய நிறுவனம். ரத்தம் எடுக்கும் முறையை மாவட்டத்தின் இளைஞர்களுக்குக் கற்றுத்தர இதைவிடப் பொருத்தமான இடம் எங்கே இருக்கிறது?

இந்த உதவி இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பது கண்முன்னே தெரிகிறது. பெருநகரச் சங்கிலி நிறுவனங்களால் அங்கீகாரச் செலவைத் தாங்க முடியும். சிறு ஆய்வகங்கள் ஒவ்வொன்றாக அவற்றின் சேகரிப்பு மையங்களாக மாறும். ரத்தம் இரவு வண்டியில் வெளியூர் போகும். முடிவு மறுநாள் கைபேசிக்கு வரும். மாரடைப்போ டெங்குவோ மறுநாள்வரை காத்திருக்காது. தெருமுனையில் அரை மணி நேரத்தில் முடிவு தரும் ஆய்வகம் ஊருக்கு வேண்டும். அது நம்பத் தகுந்ததாகவும் இருக்க வேண்டும்.

நோயாளிகள் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. அங்கீகாரம் ஆய்வகத்துக்கு மொத்தமாகக் கிடைப்பதல்ல. பரிசோதனை வாரியாகக் கிடைப்பது. வாசலில் என்ஏபிஎல் முத்திரை இருக்கும், சர்க்கரைக்கும் கிரியாட்டினினுக்கும் அங்கீகாரம் இருக்கும், தைராய்டுக்கு இருக்காது. எந்த ஆய்வகத்துக்கு எந்தெந்தப் பரிசோதனைகளில் அங்கீகாரம் உண்டு என்ற பட்டியலை வாரியம் தன் இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. படித்த பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். 'இன்று கன்ட்ரோல் ஓட்டினீர்களா?' என்று கவுன்டரில் கேட்பதும் அவமரியாதை அல்ல. நல்ல டெக்னீஷியன் அந்தக் கேள்வியால் மகிழ்ந்துபோவார்.

அரசாணைக்குக் காத்திராமல் திண்டுக்கல் ஆய்வகக்காரர்கள் தாங்களே செய்யக் கூடிய வேலையும் இருக்கிறது. நகரத்திலும் ஒட்டன்சத்திரம், நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, பழனி ஆகிய ஊர்களிலும் இருப்பவர்கள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து, ஒரே நிறுவனத்தின் கன்ட்ரோலை ஒரே லாட் எண்ணில் ஆண்டுக்கு ஒரு முறை மொத்தமாக வாங்கலாம். விலை குறையும். கரைத்த சீரத்தைச் சிறு குழாய்களில் பிரித்து, உற்பத்தியாளர் சொன்னபடி உறைபெட்டியில் வைத்து நாளுக்கு ஒன்றாக எடுத்தால் வீணாவதும் குறையும். எல்லாரும் ஒரே சீரத்தைச் சோதிப்பதால் மாதக் கடைசியில் சராசரிகளை ஒரு தாளில் பக்கம் பக்கமாக எழுதிப் பார்க்கலாம். பதினான்கு பேருக்கு யூரியா 40-ஐ ஒட்டி வந்து ஒருவருக்கு மட்டும் 47 என்று நின்றால், அவர் மறுநாள் காலை முதல் வேலையாகத் தன் பிப்பெட்டையும் ரசாயனக் குப்பியின் தேதியையும் எடுத்துப் பார்ப்பார். மருத்துவக் கல்லூரியிலிருந்து ஓர் உயிர்வேதியியல் ஆசிரியர் அந்தத் தாளோடு மாதம் ஒரு மாலை அவர்களோடு உட்கார்ந்தால், ஓராண்டில் அங்கீகார விண்ணப்பத்தை நிரப்ப வெளியூர் ஆலோசகரைத் தேட வேண்டியிருக்காது.